சேதி எட்டாத அறை

நமுனுகுலயில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலில் பதுளை வந்துவிடும். காலையில் போய் ஆஸ்பத்திரியில் மருந்து எடுத்து, சாமான் வாங்கி, அரசாங்கக் கச்சேரியில் ஒரு கையெழுத்துக்காகக் காத்திருந்து, கையெழுத்துப் போடுகிறவர் லீவு என்று தெரிந்துகொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுகிற ஊர். அந்த ஊரில் காசு கொடுத்து அறை எடுத்துத் தங்கிய தோட்டத்து ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கணக்கப்பிள்ளை என்ற பெயரில் இத்தனை வருஷம் மலையில் நின்று அவர்களை நான் போட்ட சத்தத்துக்கு, இந்த ஒரு சிரிப்பாவது அவர்களுக்குக் கிடைக்கத்தான் வேண்டும்.

விஷயம் இதுதான். என் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. பதுளையில், பசறை ரோட்டில் இருக்கிற கெம்பஸில்தான் படித்தாள். எங்கள் டிவிஷனிலிருந்து கெம்பஸ் போன முதல் பிள்ளை. பெற்றோர் இரண்டு பேருக்கு இடம் உண்டு என்று அழைப்பு அட்டை வந்தது. அதைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். தபால்காரர், தேங்காய் வியாபாரி, மின்சாரம் பார்க்க வந்தவர் என்று வாசலுக்கு வந்த அத்தனை பேருக்கும் எடுத்துக் காட்டிவிட்டு மறுபடி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வாரத்தில் அட்டையின் ஓரம் நைந்துபோய்விட்டது. எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது, என் பெரியப்பா சாகக் கிடந்ததைத் தவிர.

அப்பாவின் அண்ணன் அவர். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. ஒரே மகள், எனக்கு அக்கா. அவள்தான் லயத்தில் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனால் கொள்ளி வைக்க வேண்டியவன் நான். சாவது அவருக்குப் புதிதில்லை, ஏற்கெனவே மூன்று தடவை செத்துப் பார்த்தவர். முதல் தடவை நான் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன். தராசை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். போனால் மனுஷன் எழுந்து உட்கார்ந்து பிளேன்டி குடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டாம் தடவை சலூனில் இருந்தேன். பாதித் தலை வெட்டி முடித்திருந்தது, மீதித் தலையோடு ஓடினேன். கண்ணைத் திறந்து பார்த்து, "தலைக்கு என்னடா வந்துச்சு?" என்று கேட்டார். மூன்றாம் தடவை ஊரே கூடி, பந்தலுக்குக் கம்பும் வெட்டியாகிவிட்டது. அன்றைக்கும் ஏமாற்றிவிட்டார். கம்புகளை அக்கா கோழிக்கூடு கட்ட எடுத்துக்கொண்டாள்.

அப்படிப்பட்டவர் விழாவுக்கு முந்தின வாரம் மறுபடி படுத்தார். இந்தத் தடவை பிளேன்டிகூட இறங்கவில்லை. இத்தனை நாள் இழுத்தடித்த மனுஷன் சரியாக விழா அன்றைக்குத்தான் போவார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. அவர் சுபாவம் அப்படி.

எங்கள் ஆட்களிடம் ஒரு முறை உண்டு. பங்காளி வீட்டுச் சாவுத் தீட்டு உயிர் போன நேரத்திலிருந்து பிடிப்பதில்லை, சேதி காதில் விழுந்த நேரத்திலிருந்துதான் பிடிக்கும். விழுந்துவிட்டால் முடிந்தது கதை. கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கல்யாணமோ காதுகுத்தோ பட்டமோ, எந்த நல்ல காரியத்திலும் போய் உட்காரக் கூடாது. அதிலும் கொள்ளி வைக்கிறவன் வராமல் பிணத்தைத் தூக்க முடியாது. சரி, காதில் விழாவிட்டால்? விழாதவரை அவன் சுத்தமான ஆள்தானே? இந்த ஓட்டையைக் கண்டுபிடித்த அன்று எனக்கு என் மேலேயே ஒரு மரியாதை வந்துவிட்டது. சட்டம் படித்திருக்க வேண்டியவனைக் கொழுந்து நிறுக்க விட்டுவிட்டார்களே என்று வருத்தம்கூட வந்தது. சேதி எட்டாத இடத்துக்குப் போய்விட வேண்டும், விழா முடிந்ததும் வெளியே வர வேண்டும். அவ்வளவுதான் திட்டம்.

பெரியப்பா மேல் பாசம் இல்லாதவன் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பா இறந்த பிறகு என்னைத் திட்டித் திட்டியே ஆளாக்கியவர் அவர். அவர் போனால் என்னை "டேய்" என்று அதட்ட ஆம்பிளை என்று ஒருத்தர் மிச்சமில்லை. ஆனால் மகள் மேடை ஏறுவதை நான் பார்க்க வேண்டும். இந்த இரண்டு கண்ணால் அதைப் பார்க்காமல் போனால் கட்டையில் போகிறவரைக்கும் எனக்கு ஆறாது.

மனைவியிடம் மண்சரிவு என்று சொன்னேன்.

"எங்கங்க சரிஞ்சிருக்கு?"

"இன்னும் சரியல. சரியும். ரோடு அடைச்சுட்டா என்ன செய்வ? ஒரு நாள் முந்தியே போய் டவுன்ல தங்கிருவோம்."

அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "காயப்போட்ட துணியெல்லாம் மொறமொறன்னு இருக்கு" என்றாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள். இந்த ஆளோடு பேசிப் பிரயோசனமில்லை என்று அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து எனக்குப் பழகிய பார்வைதான். பட்டுப் புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

கிளம்பும்போது பெரியப்பாவைப் போய்ப் பார்த்தேன். கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார். "பெரியப்பா, டவுனுக்குப் போயிட்டு வாரேன், நாளைக்குப் புள்ளைக்குப் பட்டம் குடுக்குறாங்க" என்று காதருகில் கத்தினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "கத்தாதடா, நான் செவிடு இல்ல" என்றார். நாளை சாயந்திரம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை. பஸ்ஸும் வந்துவிட்டது.

ஹோட்டல் என் கெட்டிக்காரத்தனத்துக்கு ஏற்றதாகவே அமைந்தது. இருப்பதிலேயே மலிவானது எது என்று மகளிடம் கேட்டு ஏற்பாடு செய்திருந்தேன். கெம்பஸுக்குக் கீழே, பசறை ரோட்டின் ஓரத்திலேயே இருந்தது. எங்கள் தோட்டத்துப் பக்கம் போகிற பஸ், வருகிற பஸ் எல்லாம் அந்த ஹோட்டலின் வாசலில்தான் நிற்கும் என்பதை நான் பையோடு இறங்கிய பிறகுதான் கவனித்தேன். இத்தனை வருஷம் அதே பஸ்ஸில் போய் வந்திருக்கிறேன். ஊரை விட்டு ஒளிய வந்தவன், ஊர் முழுக்க இறங்கி ஏறுகிற இடத்துக்கு நேர் மேலே, முதல் மாடியில் அறை எடுத்திருந்தேன்.

முதலாளி பதுளையில் பல காலமாகக் கடை வைத்திருக்கிற தமிழ்க் குடும்பத்துக்காரர். நெற்றியில் விபூதி, மூக்கு நுனியில் கண்ணாடி. வெளிநாட்டுக்காரர்கள் எல்ல என்கிற சுற்றுலா ஊருக்குப் போகிற வழியில் இங்கேயும் தங்குவார்கள் என்று நம்பி, விகாரையையும் பழைய மரப்பாலத்தையும் சுவரில் பெரிய படங்களாக மாட்டி, 'புராதன நகரம்' என்று மூன்று மொழியிலும் எழுதி வைத்திருந்தார். வெள்ளைக்காரர் ஒருவரையும் காணோம். பட்டமளிப்புக்கு வந்த தாய் தகப்பன்மார்தான் நிறைந்திருந்தார்கள்.

"எந்த ஊருங்க?"

"நமுனுகுல."

கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "இந்தா நிக்குதே, நீங்க வந்த பஸ்ஸுதான அது? திரும்பிப் போற பஸ்ஸும் இங்கதாங்க நிக்கும். ரூம் எதுக்கு?"

"மண்சரிவுங்க."

"பஸ்ஸு வந்துருக்கே?"

"இனிமேத்தான்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பைத்தியக்காரனாக இருந்தாலும் வாடிக்கைக்காரன் என்று நினைத்திருப்பார். பக்கத்து அறைக்காரர் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்து வந்தவர். "நீங்களும் தூரத்திலயிருந்தோ வந்தனீங்கள்?" என்று அன்பாகக் கேட்டார். "கொஞ்சம் தூரம்" என்று சொல்லிவிட்டு அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன்.

அறையில் ஒரு கட்டில், ஒரு பிளாஸ்டிக் கதிரை, என் மோவாய்க்குக் கீழே மட்டும் தெரிகிற உயரத்தில் ஒரு கண்ணாடி. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் பெருமூச்சு மட்டும் வந்தது. ஜன்னல் திரைச்சீலை இரண்டு பக்கமும் இழுத்தால் நடுவில் சேரவில்லை. கீழே கண்டக்டர் "பசறை, நமுனுகுல" என்று கத்திக்கொண்டிருந்தார். மனைவியின் கொண்டை ஊசியைப் பிடுங்கித் திரைச்சீலையின் நடுவில் குத்தினேன். பிறகு என் போனை அணைத்தேன். அவளிடம் ஒரு பட்டன் போன் உண்டு. மகள் கூப்பிடுவாள் என்பதால் அதை அணைக்க முடியாது. "புள்ள பேசுனா மட்டும் எடு. வேற யாரு அடிச்சாலும் எடுக்காத" என்று கண்டிப்பாகச் சொன்னேன். "சரிங்க" என்றாள். அவள் உடனே சரி என்று சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

அறையில் சும்மா இருக்க முடியவில்லை. கைக்குட்டை ஒன்றும் மல்லிகைப்பூவும் வாங்கலாம் என்று கடைவீதிக்குப் போனேன். ஒளிந்திருக்க வந்தவன் எதற்குக் கடைவீதிக்குப் போகிறான் என்று கேட்பீர்கள். இங்கிருந்துதான் நான் சட்டம் படிக்க லாயக்கில்லாதவன் என்பது தெரிகிறது.

துணிக்கடைகள் இருக்கிற தெருவில் எதிரே எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் வந்துகொண்டிருந்தார். நிறுவையில் நான் கழிக்கிற கழிவுக்காக என்னோடு மல்லுக்கு நிற்கிறவர். கக்கத்தில் ஒரு பார்சல். போச்சு, சேதியோடு வருகிறார். பக்கத்தில் திறந்திருந்த கடைக்குள் பாய்ந்தேன். அது பெண்பிள்ளைகளுக்கு வளையல், பொட்டு, ரிப்பன் விற்கிற கடை.

"என்ன அங்கிள் வேணும்?" என்று விற்கிற பெண் கேட்டாள்.

"கிளிப்பு" என்றேன், வாயில் வந்ததை.

"எத்தன வயசுப் புள்ளைக்கு?"

"கெம்பஸ் முடிச்ச புள்ளைக்கு."

அவள் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு வண்ணத்துப்பூச்சி ஒட்டின கிளிப் ஒன்றை எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு கதவோரமாக எட்டிப் பார்த்தேன். தலைவரைக் காணோம். நான் அந்தப் பக்கம் கழுத்தை நீட்ட, அவர் ரோட்டின் எதிர்ப்பக்கம் ஆட்டோக்காரர்களின் திட்டுகளுக்கு நடுவே குறுக்கே ஓடிக்கொண்டிருந்தார். பார்சலை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி ஒரு சந்துக்குள் நுழைந்து போய்விட்டார். இந்த வயதில் இந்த ஓட்டம் ஓடுகிறாரே, வயிற்றுக்கு ஏதாவது சேரவில்லையோ என்று நினைத்தேன். என் அதிர்ஷ்டத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பூக்கடைக்குப் பக்கத்தில் எங்கள் மலையில் கொழுந்தெடுக்கிற இரண்டு பெண்கள் நின்றார்கள். நான் திரும்புவதற்கு முன் என்னைப் பார்த்துவிட்டார்கள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். மலையில் என் முகத்துக்கு நேரே, "நீயெல்லாம் வெளங்குவியா" என்று சாபம் விடுகிறவர்கள்தான். டவுனில் என்றதும் என்ன மரியாதை பாருங்கள் என்று எனக்குப் பெருமையாகப் போய்விட்டது. தேத்தண்ணிக் கடையில் கொழுந்து லொறி டிரைவர் உட்கார்ந்திருந்தார். நான் பத்திரிகையை விரித்து முகத்தை மறைப்பதற்குள் அவர் பாதித் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அதையும் என் சாமர்த்தியத்தின் கணக்கில் எழுதிக்கொண்டேன். பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைக் கடைக்காரர்தான் சொன்னார்.

வெற்றியோடு அறைக்குத் திரும்பினால், மனைவி தலைக்குக் குளித்து ஈரக் கூந்தலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பொழுது சாய்கிற நேரம். பதுளைக் குளிர் எங்கள் மலைக்குளிர் அளவுக்கு இல்லை என்றாலும் ஐஸ் தண்ணீரில் தலைக்கு ஊற்றுகிற நேரமா அது?

"என்னத்துக்கு இப்ப தல முழுகுன? நாளைக்கு விழாவுல தும்மிக்கிட்டு நிக்கவா?"

"கசகசன்னு இருந்துச்சுங்க."

கண் சிவந்திருந்தது. சோப்பு என்றாள். மல்லிகைச் சரத்தை நீட்டினேன். வாங்கி ஜன்னலோரம் வைத்தாள். கொத்து ரொட்டி வாங்கி வரட்டுமா என்றேன், பசியில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஹோட்டலில் தங்க வைத்திருக்கிறேன், இந்த மூஞ்சியா? இரண்டு பேருடைய கொத்தையும் நானே வாங்கிவந்து நானே தின்றேன். நான் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தவள், "பெரியப்பாவுக்கு நம்ம புள்ள மேல ரொம்ப ஆசதானே?" என்று கேட்டாள்.

"அந்தப் பேச்ச எடுக்காத" என்று எரிந்து விழுந்தேன். கொஞ்ச நேரம் கழித்து நானே எடுத்தேன். பெண்பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன் என்றபோது என்னோடு மூன்று மாதம் பேசாமல் இருந்தவர் அவர். கெம்பஸ் கிடைத்ததும் லயம் லயமாகக் கம்பை ஊன்றிப் போய், "நாந்தான் படிக்கவைக்கச் சொன்னேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைச் சொல்லி நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு மூக்கைச் சிந்தினாள். பார், சளி பிடித்துவிட்டது என்றேன்.

மறுநாள் காலையில் புடவை கட்டிக்கொண்டாள், பூ வைக்கவில்லை. வாடிவிட்டது என்றாள். எனக்கு வாடினமாதிரித் தெரியவில்லை. டை கட்டத் தெரியாமல் நான் கண்ணாடியில் மோவாயோடு போராடிக்கொண்டிருந்ததால் அதோடு விட்டுவிட்டேன். கடைசியில் யாழ்ப்பாணத்துக்காரர்தான் வந்து கட்டிவிட்டார்.

மண்டபத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் நடுவில், ஒரு தூணுக்குப் பக்கத்தில். மேடைக்கு முன்னால் பிள்ளைகள் கறுப்பு அங்கியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் பார்க்க எல்லாரும் ஒரே பிள்ளையாகத் தெரிந்தார்கள். ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். என் மகளின் வரிசை எழுந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. வீடியோ எடுத்தால் என்ன? பெரியப்பா பிழைத்துக் கிடந்தால் அவருக்குக் காட்டலாமே. போனைத் திறந்தேன்.

என் போன் உயிர் பெறும்போது ஒரு பாட்டுப் பாடும். மண்டபம் அமைதியாக இருந்த நேரத்தில் அது முழுப் பாட்டையும் பாடியது. முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. போனை அக்குளுக்குள் செருகி அமுக்கினேன். வெளியே எடுத்தபோது திரை வெளிச்சமாகிவிட்டது. அப்போதுதான் எனக்குத் திக்கென்றது. போனைத் திறந்துவிட்டேனே! நேற்றிலிருந்து கூப்பிட்டவர்களின் கணக்கெல்லாம் இப்போது வந்து கொட்டுமே! வீடியோவை மறந்தேன். பாம்பைப் பார்க்கிறமாதிரித் திரையையே பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. சிக்னல் இல்லையோ என்று தூக்கிப் பிடித்தேன். சிக்னல் முழுதாக இருந்தது. ஒரு மிஸ்ட் கோல்கூட இல்லை. அடேயப்பா, கிழவர் இந்தத் தடவையும் ஏமாற்றிவிட்டார்! எனக்கு வந்த சந்தோஷத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் மனைவி கை தட்டிக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"எறங்கிட்டா" என்றாள்.

"யாரு?"

"நம்ம புள்ளதாங்க. வாங்கிட்டு எறங்கிட்டா."

தலையைத் தூக்கினேன். மேடையின் மறுபக்கத்துப் படியில் ஒரு கறுப்பு அங்கியின் முதுகு இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அது அவள்தானா என்றுகூட எனக்கு நிச்சயமில்லை. அந்த முதுகுக்குக் கை தட்டினேன். பக்கத்திலிருந்தவர்கள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டிருந்தேன். இதற்காகத்தானே இத்தனை கூத்தும்?

வெளியே மகள் ஓடி வந்து எங்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டாள். "எங்கப்பா உக்காந்திருந்தீங்க? மேல நின்னு தேடுனேன்" என்றாள். "தூணு மறச்சிருச்சு" என்றேன். படம் எடுத்தோம். அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சுருட்டிய பட்டத்தைக் குழாயில் போட்டுக்கொண்டு வந்தாள். "இன்னிக்கும் தங்கிட்டு நாளைக்குப் போவோமா?" என்று நான் கேட்டேன். பெரியப்பா நன்றாக இருக்கிறார், எனக்கென்ன? மனைவி, "இல்லங்க, இப்பவே போவோம்" என்றாள். அவள் குரலில் என்னவோ இருந்தது.

பையை எடுக்க ஹோட்டலுக்குப் போனோம். சாவியை வாங்கிக்கொண்டு முதலாளி குரலைத் தாழ்த்தினார்.

"ஒங்க தோட்டத்துலருந்து நேத்து ஆளு மாத்தி ஆளு வந்தாங்கய்யா. எல்லாரும் ஒரே பேச்சு. 'கணக்கப்பிள்ளை ஐயா இங்கதான் இருக்காரு, அவர்கிட்ட எதுவும் சொல்லிறாதீங்க'ன்னாங்க. என்னத்தச் சொல்லக்கூடாதுன்னு கேட்டா, அதையும் சொல்ல மாட்டேங்குறாங்க. அதனால நான் ஒண்ணுமே சொல்லல."

மனைவியைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தலைவரின் ஓட்டம், அவர் முதுகுக்குப் பின்னால் மறைத்த கோடித்துணி, சுவரைப் பார்த்து நின்ற பெண்கள், பாதித் தேத்தண்ணி, ஈரக் கூந்தல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக வந்து என் மேல் விழுந்தன. நான் யாரையெல்லாம் கண்டு ஒளிந்தேனோ அவர்கள் எல்லாரும் என்னைக் கண்டு ஒளிந்திருக்கிறார்கள்.

"சொல்லு" என்றேன்.

"அக்கா சொல்லுவாங்க. நான் சொல்லக்கூடாது. நேத்து போன்ல சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கேன்."

பஸ்ஸில் அந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்கள். பஸ் முழுக்கப் பேச்சு நின்றுவிட்டது. "என்னன்னு நீங்களாவது சொல்லுங்களேன்" என்று கெஞ்சினேன். நேற்று முழுக்க இவர்கள் வாய் திறந்துவிடக் கூடாது என்று ஓடியவன்தான். "எங்களுக்கு ஒண்ணுந் தெரியாதுங்கய்யா" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதில் ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். மகளுக்குப் புரிந்துவிட்டது. அவள் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

தோட்டத்துச் சந்தி வளைவிலிருந்து லயம் வரைக்கும் வெள்ளைக்கொடி கட்டியிருந்தார்கள். தப்புமேளம் அடிக்கிறவர்கள் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள், அடிக்கவில்லை. தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. எல்லார் வாயும் கட்டிப் போட்டதுபோல் இருந்தது. உள்ளே பெரியப்பாவைப் படுக்க வைத்திருந்தார்கள். நேற்று நாங்கள் பஸ் ஏறின கொஞ்ச நேரத்திலேயே போய்விட்டாராம், பிறகுதான் தெரிந்தது.

அக்கா தலைமாட்டிலிருந்து எழுந்து வந்தாள். முகம் காய்ந்துபோய் இருந்தது.

"ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"அப்பா சொல்லக்கூடாதுன்னுட்டாருடா. பேச்சு நிக்கிற வரைக்கும் அதேதான். 'அவன் காதுல விழுந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துருவான். புள்ள மேடையில நிக்கிறத அவன் பாக்கணும். யாரும் சொல்லக்கூடாது'ன்னு. தலைவரையும் கூப்பிட்டுச் சொன்னாரு."

ஓடி வந்துவிடுவேனாம். என்னைப் பற்றி அந்த மனுஷன் அப்படி நினைத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். அங்கேயே தரையில் விழுந்து, நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லிவிடலாம்போல் இருந்தது. அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தியாடா? புள்ள பட்டம் வாங்குனதப் பாத்தியா?"

வாசலில் லயத்துச் சனம் முழுக்க நின்றது. ஒரு ராத்திரியும் பகலும் இதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்தவர்கள். எனக்குப் பின்னால் மனைவி நின்றாள். அவளுக்குத் தெரியும். மகள் பட்டக் குழாயை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தேங்க்கா" என்றேன்.

"கண்ணாரப் பாத்தியா?"

"கண்ணாரப் பாத்தேன்."

அக்கா தலையை ஆட்டினாள். "அப்பா போயிட்டாருடா தம்பி" என்றாள். அதற்குப் பிறகுதான் அவள் வாய்விட்டு அழுதாள்.